பாப்பா எப்ப நடக்கும்? – ஒரு தோட்டத்துப் பிள்ளையோடு இரண்டரை வருடம்

2022 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, இலங்கை மலையகத்தில் டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் சனசமூக நிலையத்துக்கு ஓர் அம்மாயி வந்தார். கொழுந்துக்கூடை மாட்டுகிற மாதிரியே முதுகில் தன் பேத்தியைப் பழைய சேலையால் கட்டியிருந்தார். நெற்றியில் கயிறு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைக்கு வயது 6. தராசில் வைத்தபோது 11.5 கிலோ. கால் இரண்டும் கத்தரி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி விறைத்திருந்தன, தலை பின்னால் சாய்ந்திருந்தது. கண் மட்டும் அறையில் இருந்த எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தது. அந்தக் கண்ணை அன்றைக்கே சரியாகக் கவனித்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

பெயர், தோட்டம், குடியிருக்கும் லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) எதையும் எழுதவில்லை. தாயிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். வீட்டில் கூப்பிடுகிற மாதிரி பாப்பா என்றே வைத்துக்கொள்வோம். 6 வயதிலும் பாப்பாதான். 3 வயதுத் தம்பியை எல்லாரும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

எங்கள் நிலையம் என்றால் கோயிலுக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட ஒரு மண்டபமும் ஒரு சின்ன அறையும். சனிக்கிழமை 9 மணியிலிருந்து 12 வரை. அப்போது மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் 11 பேர். தொண்டர்கள் நான்கு பேர்: தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிற நான், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த இரண்டு தம்பிமார், பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற இடம்) நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஆயாம்மா. இயன்மருத்துவம் செய்கிற ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை டவுனிலிருந்து வருவார். பயிற்சிப் பட்டறைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் நாங்கள் மூவர். ஆயாம்மாவிடம் சான்றிதழ் இல்லை. இந்தக் கதையில் சரியாகக் கண்டுபிடித்ததில் பாதி அவர் கண்டுபிடித்தது.

பிறப்பு

தாய் சொன்னது: வலி முதல் நாள் மாலையே வந்துவிட்டது. தோட்டத்து லொறி கிடைக்க விடிந்துவிட்டது. வைத்தியசாலைக்குப் போய் மேலும் பல மணி நேரம். பிள்ளை பிறந்ததும் அழவில்லை, நீலம் பாரித்திருந்தது. 13 நாள் கண்ணாடிப் பெட்டி. ஒன்பது மாதத்தில் உட்காரவில்லை. ஒரு வயதுக்குள் இரண்டு தடவை வலிப்பு.

கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து எழுதியிருந்தது. சி.பி. அது என்ன என்று ஆறு வருடத்தில் ஒருவரும் அந்தத் தாய்க்குத் தமிழில் சொல்லவில்லை. அவர் வைத்திருந்த விளக்கம் வேறு: மாசமாக இருந்தபோது கிரகணத்தன்று மலைக்குப் போனது. மாமியார் சொன்னது அது. பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போகக்கூடாது என்று போன ஒரு நாளுக்காக ஆறு வருடமாகத் தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

சி.பி. என்றால் பெருமூளை வாதம். அதை நான் சொல்லிக்கொடுத்த விதம் இது. பிறக்கிற நேரத்தில் மூளைக்குப் போக வேண்டிய ஒட்சிசன் போகாமல் ஒரு பகுதி அடிபட்டுவிட்டது. உடம்பை அசைக்கச் சொல்லிக் கட்டளை கொடுக்கிற பகுதி அது. அந்தக் காயம் இனிப் பெரிதாகாது, ஆறவும் செய்யாது. ஆனால் உடம்பு வளர வளர விறைப்பு, எலும்பு, இடுப்பு எல்லாம் மாறிக்கொண்டே போகும். பார்த்துக்கொள்ள வேண்டியது அதைத்தான். எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவே என்று சொல்ல முடியாது, கர்ப்பத்திலேயே நடப்பதும் உண்டு. பாப்பாவின் கதைக்குப் பொருந்துவது இது. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றபோது தாய் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து, “இன்னொருக்கா சொல்லுங்க டீச்சர்” என்றார்.

நடை

முதல் நாளே தாய் கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. எங்களுக்கும் அதைவிட வேறு கேள்வி தோன்றவில்லை. தம்பிமார் இரண்டு பேரும் மூங்கில் வெட்டி வந்து, மண்டபத்தின் நடுவில் இரண்டு பக்கமும் கம்பு கட்டி நடைப்பாதை போட்டார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பாப்பாவை அதற்குள் நடத்தினோம். நடத்தினோம் என்பது எங்கள் சொல். உண்மையில் விரல்நுனி தரையைக் கீறிக்கொண்டு போக, நாங்கள் சுமந்தோம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனதும் எல்லாரும் கை தட்டினார்கள். யாரோ போனில் படம் எடுத்தார்கள்.

முதல் மூன்று வாரம் பாப்பா கத்தி அழுதாள். நாலாவது வாரம் அழுகை நின்றுவிட்டது. பதிவுக் கொப்பியில் அன்று நான் எழுதியதை இப்போதும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்: “ஒத்துழைப்பு நன்று.”

அந்த நேரத்தில் எங்களைத் திருத்த ஆள் இல்லை. 2022 சித்திரைக்குப் பிறகு பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பஸ் இல்லை, பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார்கள். இயன்மருத்துவர் ஐந்து மாதம் மேலே வரவில்லை. நாங்கள் நடந்துபோகக்கூடிய தூரத்தில் இருந்ததால் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தோம். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. தெரியாததை விடாமுயற்சியோடு செய்துகொண்டிருந்தோம்.

ஒக்டோபரில் அவர் வந்து பாப்பாவைப் பாயில் கிடத்தி, புரட்டி, உட்காரவைத்து, அரை மணி நேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டார். பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் அசைவை ஐந்து மட்டமாகப் பிரிக்கிற ஒரு முறை இருக்கிறது; 1997இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது. முதல் மட்டத்துப் பிள்ளை ஓடும், தடுமாறும். ஐந்தாவது மட்டத்துப் பிள்ளைக்குத் தலையைப் பிடிப்பதே கஷ்டம். பாப்பா நாலு. அதே நாட்டில் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் வளர்ச்சிக் கோடுகள் வரைந்திருக்கிறார்கள்: பெரிய அசைவுகளில் ஒரு பிள்ளை எட்டக்கூடியதில் பத்தில் ஒன்பது பங்கு ஐந்து வயதுக்குள் வந்துவிடும், கடுமையான மட்டத்தில் அதற்கும் முன்பே. பாப்பாவுக்கு அப்போது ஏழு ஆகப்போகிறது.

“அப்ப இந்த எட்டு மாசம்?” என்று கேட்டேன்.

“நிக்க வைக்கிறது நல்லதுதான். இடுப்புக்கும் எலும்புக்கும் வேணும். ஆனா நடை வராது, டீச்சர். நீங்க அம்மாகிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. எனக்கே தெரியாது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் மூன்றாம் நாலாம் மாதத்திலேயே மனதுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அந்த அக்கா கேட்கும்போதெல்லாம் “பாப்பம்க்கா, முயற்சி பண்ணுவோம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை லயத்துக்குப் போனேன். தாய் மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் இஸ்தோப்பில் (வீட்டு முன்விறாந்தையில்) உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைத்துத் தொடங்கினேன், முடியவில்லை. நடக்காதுக்கா என்றேன். அவர் கொஞ்ச நேரம் கீழே ரோட்டைப் பார்த்தார்.

“தெரியும் டீச்சர். நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.”

பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனார்.

இருமல்

கொப்பியைத் திரும்பப் புரட்டினால் அந்த எட்டு மாதத்தில் மூன்று இடத்தில் “வரவில்லை – காய்ச்சல்” என்று என் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றுமே நெஞ்சுச் சளி, மூன்று தடவையும் வார்டில் தங்கியிருக்கிறாள். குளிர்நாட்டுப் பிள்ளைக்குச் சளி பிடிப்பது ஒரு செய்தியா என்று விட்டுவிட்டோம். ஆயாம்மா விடவில்லை. ஒரு நாள் பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்து அம்மாயி ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் காதருகே வந்து, “இந்தப் புள்ளைக்குச் சாப்பாடு வயித்துக்குப் போகல டீச்சர், நெஞ்சுக்குப் போகுது. ஊட்டுன பெறகு குரலக் கேளுங்க, தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு” என்றார்.

வீட்டில் ஊட்டுவதைப் பார்க்கப் போனேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. அடுப்பு, கட்டில், துணிக்கொடி எல்லாம் அதற்குள். தாய் நாலரைக்கு எழும்பி, ரொட்டி சுட்டு, காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்குப் போய்விடுவார். அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபாய். சொன்ன கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். ஆகவே காலை ஊட்டு, பகல் ஊட்டு இரண்டும் அம்மாயி கையில். ஒரு வேளைக்கு ஒன்றரை மணி நேரம் போகும்.

அம்மாயி பாப்பாவை மடியில் குறுக்கே கிடத்தி, தலையை இடது கையின்மேல் பின்னால் தொங்கவிட்டு, ரசத்தில் கரைத்த சோற்றைக் கரண்டியால் உள்ளே விட்டார். அது தானாக இறங்கியது. பாப்பா விழுங்கவில்லை, வழிந்து போனது. நடுநடுவே இருமல், கண்ணில் நீர். இதைப் படித்துவிட்டு யாரும் அம்மாயியைக் குறை சொல்ல வேண்டாம். விறைத்து வில்லாக வளைகிற ஒரு பிள்ளையைத் தனியாக வைத்திருக்கும் 60 வயது தாண்டிய ஒருவருக்கு, பிள்ளை பட்டினி கிடக்காமல் பார்க்கத் தெரிந்த ஒரே வழி அது. அந்த வழியில்தான் பாப்பா ஆறு வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள்.

பேராதனையில் இருக்கிற சிறுவர் வைத்தியசாலைக்குத் திகதி வாங்கினோம். ஹட்டனில் விடியற்காலை பஸ் ஏறி கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போக வேண்டும். வளைவுகளில் பாப்பா இரண்டு தடவை சத்தி எடுத்தாள். தாய்க்கு ஒரு நாள் பேர் போனது. பேச்சுச் சிகிச்சை செய்கிற மிஸ் சிங்களத்தில் சொல்ல, கூட வந்த தொண்டர் தம்பி தமிழாக்கினான். ஓர் இடத்தில் அவனுக்கு வார்த்தை கிடைக்காமல் திணற, அந்த மிஸ் மருந்துச்சீட்டின் பின்பக்கம் தொண்டையைப் படமாக வரைந்தார்: முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் வாய் திறந்த பானை மாதிரி நிற்கும். தாடை கொஞ்சம் கீழே வந்தால்தான் அதற்கு மூடி விழும். பேச்சுச் சிகிச்சைக்கு ஏன் போகச் சொல்கிறார்கள், பிள்ளைதான் பேசாதே என்று கேட்டுக்கொண்டு வந்த அம்மாயிக்கு அந்தப் படம் போதுமாக இருந்தது. படம் இன்னும் அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது, புகை பிடித்து.

அவர் சொன்னவை: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் மடங்கி, பாதம் ஏதாவது ஒன்றில் ஊன்றி உட்கார வேண்டும். ஊட்டுகிறவர் முன்னால், பிள்ளையின் கண்மட்டத்தில் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே நின்று ஊட்டினால் பிள்ளை அண்ணாந்துவிடும். குழிக்கரண்டி வேண்டாம், தட்டையானது, கடித்தாலும் பல்லுக்கு நோகாத பிளாஸ்டிக். நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி நேரே வெளியே எடுக்க வேண்டும், மேல்பல்லில் வழித்து எடுக்கக்கூடாது. ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்த வாய். தண்ணீராக ஓடுவதுதான் இந்தப் பிள்ளைக்கு ஆபத்து, கொழகொழவென்று இருப்பது பரவாயில்லை. சாப்பிட்டு அரை மணி நேரம் கிடத்தக்கூடாது.

வேறு பிள்ளைக்கு வேறு மாதிரி இருக்கலாம், பார்க்காமல் யாருக்கும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னார். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பாப்பாவின் தம்பிக்காகக் கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா என்ற சத்துமாவைக் கெட்டியாகக் கிளறி ஊட்டத் தொடங்கினார்கள். அந்த வருடம் திரிபோஷாவே ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கிடைத்த பக்கட்டை இரண்டு பிள்ளைகளும் பங்குபோட்டார்கள்.

நாற்காலிகள்

எப்படி ஊட்டுவது என்று தெரிந்துவிட்டது. எதில் உட்காரவைப்பது?

ஒரு சக்கர நாற்காலி வீட்டில் ஏற்கெனவே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மேடையில், மாலை மரியாதையோடு யாரோ கொடுத்தது. பெரிய ஆளுக்கு உரியது. பாப்பாவை அதில் வைத்தால் கிணற்றுக்குள் விழுந்த பூனைக்குட்டிதான். அதைத் தள்ளிக்கொண்டு போக லயத்தில் பாதையும் இல்லை, ரோட்டுக்கு 64 படி இறங்க வேண்டும். விறகு அடுக்கி வைத்திருந்தார்கள். குறைந்த வசதியுள்ள இடங்களில் சக்கர நாற்காலியை எப்படிக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008இலேயே ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. ஆளுக்கு அளவெடு, பொருத்திப் பார், பழக்கு, பிறகும் போய்ப் பார் என்பதுதான் அதன் சாரம். மேடையில் அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அட்டையில் நாற்காலி செய்கிற முறை ஒன்றைப் பட்டறையில் படித்திருந்தோம். ஜிம்பாப்வேயில் தொடங்கியது. கடைத்தெருவில் சவர்க்காரப் பெட்டி, பிஸ்கட் பெட்டி என்று வாங்கிவந்து, கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, அட்டைமேல் அட்டை ஒட்டிப் பாரம் வைத்து, காய்ந்தபின் வெட்டிச் சேர்த்து, மேலே பழைய பேப்பரைக் கிழித்துக் கிழித்து ஒட்ட வேண்டும். நன்றாகச் செய்தால் பெரிய ஆளே ஏறி நிற்கலாம்.

அளவுக்கு ஒரு கயிறு. பாப்பாவின் புட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை பிடித்து, அதில் இரண்டு விரல் குறைத்து ஒரு முடிச்சு: அது இருக்கையின் ஆழம். மடிப்பிலிருந்து குதிகால் வரை ஒரு முடிச்சு: உயரம். இடுப்பு அகலத்துக்கு ஒன்று. முழங்கை மட்டத்துக்கு ஒன்று, முன்னால் வைக்கும் தட்டுப்பலகைக்கு. நாலு முடிச்சு போட்ட அந்தக் கயிறு நிலையத்தில் ஆணியில் தொங்குகிறது. கால் இரண்டும் கத்தரியாகாமல் நடுவில் ஒரு சின்ன மேடும், முதுகுக்கு இரண்டு பலகை சேரும் மூலையும் வைத்தோம். மூலையில் சாய்ந்தால் தோள் முன்னுக்கு வரும், கை தட்டுக்கு வரும், தலை தானாக நிமிரும். பாப்பா முதன்முதலில் அதில் உட்கார்ந்தபோது அவள் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தேன். பத்து மாதப் பழக்கத்தில் அதுவரை மேலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

2023 ஜனவரியில் வீட்டுக்குக் கொடுத்தோம். ஒன்றரை மணி நேரம் போன சாப்பாடு 40 நிமிடத்துக்கு வந்தது. நாங்கள் மிதந்தோம்.

ஜூனில் மழை பிடித்தது. மேற்குப் பக்கத்து மலையில் தென்மேல் பருவம் என்றால் துணி காய ஒரு கிழமை. அட்டை ஈரத்தைக் குடித்து ஊதியது, கீழே பச்சையாகப் பூஞ்சணம், கோதுமைப் பசையைத் தேடி எலியும் வந்தது. மேலே வார்னிஷ் மூன்று கோட்டு அடிக்கச் சொல்லித்தந்திருந்தார்கள். நெருக்கடி விலையில் வார்னிஷ் வாங்கக் கைவரவில்லை, கோயிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டை ஒரு கோட்டு அடித்திருந்தோம். இடது பக்கம் அமுங்கி, பாப்பா இடதுபக்கமாகச் சாய்ந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஜூலையில் மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் வார்டு. அந்த ஒன்று முழுக்க எங்கள் கணக்கில். கொடுத்துவிட்டு ஆறு மாதம் போய்ப் பார்க்காதவர்கள், மேடைக்காரர்களைப் பற்றி மேலே ஒரு பந்தி எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது நாற்காலியைத் தோட்டத்து ஆசாரி செய்தார். தேயிலைக்கு நிழல் கொடுக்கிற சவுக்கு மரத்தின் பழைய பலகை. கயிற்றைக் கொடுத்தோம், அட்டை நாற்காலியைக் காட்டினோம். இருக்கையைத் துளை மாற்றி ஏற்றி இறக்குகிற மாதிரி அவராகவே செய்துதந்தார். “வளருற புள்ளதானே டீச்சரம்மா?” என்றார். பட்டறையில் அதை யாரும் சொல்லித்தரவில்லை.

கண்

நேராக உட்கார்ந்த பிறகுதான் இது தெரியவந்தது, அதுவும் தம்பிப் பயல் சொல்லி. தட்டுப்பலகையில் ஒரு பக்கம் பருப்புச்சோறு, மறுபக்கம் வாழைப்பழம். அம்மாயி சோற்றை நீட்ட, தம்பி ரொட்டியைக் கடித்துக்கொண்டே, “அக்கா வேணாங்குது” என்றான்.

“ஒனக்கு எப்படிடா தெரியும்?”

“கீழ பாக்குதுல்ல.”

வேண்டும் என்றால் மேலே பார்ப்பாளாம். அவன் பேசப் பழகிய நாளிலிருந்து அவர்களுக்குள் இது நடந்துகொண்டிருக்கிறது. பெரியவர்கள் யாருக்கும் தெரியாது.

நிலையத்தில் சோதித்தோம். இரண்டு பொருளைத் தோள் அகலத்துக்கு விரித்துக் கண்மட்டத்தில் பிடித்து, எது என்று ஒருமுறை மட்டும் கேட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புதான் எங்களால் முடியாமல் போனது. மூன்று எண்ணுவதற்குள் மறுபடி கேட்டுவிடுவோம், பொருளை ஆட்டுவோம், “இதுதானே வேணும்?” என்று நாங்களே முடிவு செய்துவிடுவோம். ஆயாம்மா நேரம் பார்த்தார்: பாப்பாவின் கண் நகர ஏழெட்டு விநாடி எடுக்கிறது. நடுவில் நாம் வாய் திறந்தால் அவளுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கரித்துண்டால் சுவரில் “10 எண்ணு” என்று எழுதினார். வந்துபோகிற புதுத் தொண்டர்களுக்கு இன்றைக்கும் நாங்கள் கொடுக்கிற முழுப் பயிற்சி அந்தச் சுவர்தான். பாதிப் பேர் மூன்றாவது வாரம் வருவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆமும் இல்லையும் உறுதியான பிறகு ஒரு நாள், மூங்கில் கம்புப் பக்கம் அவளைத் திருப்பி, “பாப்பா, நடப்பமா?” என்று கேட்டேன். எண்ணினேன். ஆறாவது எண்ணிலேயே கண் கீழே போனது. சரியாகப் பார்த்தேனா என்று சற்றுக் கழித்து மறுபடி கேட்டேன். கீழே.

ஒன்றரை வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

நிற்பது அவசியம் என்று இயன்மருத்துவர் சொல்லியிருந்ததால் அதை விட முடியாது. எங்கே நிற்கலாம் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக் கேட்டோம். வாசலுக்குக் கண் மேலே போனது. வாசலில் நின்றால் கீழே கொழுந்து நிறுக்கிற இடமும் லொறி வந்து நிற்பதும் தெரியும். மூங்கிலைக் கழற்றி வாசலில் நெஞ்சுமட்டத்துக்கு ஒரு தாங்கு கட்டினோம். இப்போது 20 நிமிடம் நிற்கிறாள். லொறி வருகிற நாளில் அரை மணி நேரம்.

காகிதங்கள்

இது எல்லாருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு அப்போது 5,000 ரூபாய். கிராம சேவகர் கடிதம், வைத்திய அறிக்கை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்துப் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்தாயிற்று. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தது. அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழிதான். கடிதத்தை வாசிக்க ஆள் தேடி முடிப்பதற்குள் அதில் சொல்லியிருந்த திகதி போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து. 2024இல் தொகை 7,500 ஆன பிறகுதான் பாப்பாவின் பெயர் வந்தது. காகிதம் எது வந்தாலும் அன்றைக்கே நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று இப்போது எல்லா வீட்டுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம்.

பள்ளிக்கூடம் அதைவிட மோசம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் குறையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. நாங்கள் போன இடத்தில் சட்டத்தை யாரும் மறுக்கவில்லை. கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அதற்குப் பதில் தேடுவது ஏன் அம்மாயியின் வேலை என்பதுதான் தெரியவில்லை. கடைசியில் அம்மாயி கூடவே உட்காருவது என்ற ஒப்பந்தத்தில் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் விசேட கல்வி அலகுக்குப் போகிறாள், மழை இல்லாவிட்டால். ஆட்டோக் காசு கொடுப்பனவில் பாதியைத் தின்கிறது. அங்கே இருக்கும் டீச்சர் நல்லவர். “10 எண்ணு” கதையைச் சொன்னதும் தன் வகுப்புச் சுவரிலும் எழுதிக்கொண்டார்.

இன்றைய நிலை

2024 ஓகஸ்ட் கணக்கு. நிறை 15.2 கிலோ. நெஞ்சுச் சளிக்கு வார்டில் தங்கியது 2022இல் மூன்று, 2023இல் ஒன்று, 2024இல் ஓகஸ்ட் வரை இல்லை. வலிப்பு மருந்து தொடர்கிறது. அசைவு மட்டம் நாலு, மாறவில்லை. இடது இடுப்பு மெல்ல நழுவுவது போல இருக்கிறது என்று இயன்மருத்துவர் சந்தேகப்படுகிறார். எக்ஸ்ரேக்குத் திகதி கேட்டிருக்கிறோம். இதை இரண்டு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

ஆசாரி வைத்த துளைகளில் கடைசித் துளைக்கும் வந்துவிட்டோம். போன சனிக்கிழமை மூன்றாவது நாற்காலிக்குக் கயிற்றை எடுத்தேன். ஆழத்துக்கான முடிச்சு மூன்று விரல் தள்ளிப்போயிருந்தது. தாயும் அன்று வந்திருந்தார், பழைய முடிச்சை அவிழ்க்க விடவில்லை. அதுவும் இருக்கட்டும் என்று புது முடிச்சைப் பக்கத்தில் போடச் சொன்னார்.

பெயின்ட் டப்பா இரண்டு இருந்தது. தோள் அகலத்துக்குப் பிடித்து, சிவப்பா நீலமா பாப்பா என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். எட்டு, ஒன்பது. இரண்டையும் பார்க்கவில்லை, என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தாள். கீழே லொறி வந்து நின்றிருந்தது.